தார் பாலைவனச் சாலையோர விந்தைகள்: புல்லட் கோயில் முதல் வெடிக்காத குண்டுகள் வரை

ஜோத்பூர்: கோட்டைகள், மணற்குன்றுகள், ஒட்டகச் சவாரி. மேற்கு ராஜஸ்தானுக்குச் செல்லும் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகளின் பட்டியல் இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. ஆனால், இவற்றுக்கு இடைப்பட்ட நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளை வழிபடும் தலம், எலிகள் ஓடித் திரியும் ஆலயம், ஆளில்லாக் கிராமம், கல்லாக உறைந்த காடு, போர் விமானம் இறங்கக்கூடிய சாலை எனப் பல விந்தையான இடங்கள் உள்ளன. இவை எவ்வாறு தோன்றின, இவற்றைச் சுற்றிச் சொல்லப்படும் கதைகளில் நம்பிக்கை எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

தொலைவும் வறட்சியும்

தார் பாலைவனத்தின் பரப்பளவு சுமார் 2 லட்சம் சதுர கிலோ மீட்டர். அதன் பெரும்பகுதி இந்தியாவில், குறிப்பாக ராஜஸ்தானில் அமைந்துள்ளது. ஜெய்சால்மர் மாவட்டம் மட்டும் 38,000 சதுர கி.மீ.-க்கும் அதிகமான பரப்பைக் கொண்டது. இது ஏறத்தாழ கேரள மாநிலத்தின் பரப்பளவுக்கு நிகரானது. ஆனால், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு ஒரு சதுர கி.மீ.-க்கு 17 பேர் மட்டுமே வசித்தனர். ஆண்டு சராசரி மழையளவும் 200 மில்லி மீட்டருக்குக் குறைவு.

ஊருக்கும் ஊருக்கும் இடையே பல கிலோ மீட்டர் வெற்று நிலம் விரியும் இத்தகைய பகுதியில், வழியில் நின்று இளைப்பாற ஓர் இடம் கிடைப்பதே பெரிது. கிணறு, மரநிழல், சிறு கோயில், வீரர் நினைவுக் கல் ஆகியவை வணிகர் கூட்டங்கள் ஒட்டகங்களில் சென்ற காலத்திலிருந்தே வழிப்போக்கர்களின் அடையாளக் குறிகளாக இருந்து வந்துள்ளன. இன்றைய சாலையோர விந்தைகள் பலவும் அந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சன்னதி

பாலியிலிருந்து ஜோத்பூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 62-இல், பாலியிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது ஓம் பன்னா தலம். சுற்றுலாப் பயணிகள் இதனை 'புல்லட் பாபா கோயில்' என்று அழைக்கின்றனர். ஒரு மேடை, அதில் மீசை முறுக்கிய இளைஞரின் படம், அருகே மாலைகள் சூட்டப்பட்ட 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டி. இதுவே இங்குள்ள வழிபாட்டுப் பொருள்.

அப்பகுதியைச் சேர்ந்த ஓம் சிங் ரத்தோர் என்ற இளைஞர், 1988-ஆம் ஆண்டு இந்த இடத்தில் மரத்தில் மோதி உயிரிழந்ததாகப் பரவலாகக் கூறப்படுகிறது. விபத்துக்குப் பின் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வண்டி, மறுநாள் காலை மீண்டும் விபத்து நடந்த இடத்திலேயே நின்றதாகவும், பெட்ரோலை வடித்துவிட்டுச் சங்கிலியால் பிணைத்து வைத்தபோதும் அவ்வாறே நிகழ்ந்ததாகவும் மக்கள் நம்புகின்றனர். இரவில் விபத்தில் சிக்குவோருக்கு ஓம் பன்னா உதவுகிறார் என்பதும் அந்த நம்பிக்கையின் ஒரு பகுதி. 'பன்னா' என்பது ராஜபுத்திர இளைஞர்களை மரியாதையுடன் விளிக்கும் சொல்.

வெளியூரிலிருந்து வருவோருக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால், ராஜஸ்தானின் நாட்டார் மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. போரிலோ, கால்நடைகளைக் கவர்ந்து செல்வோரைத் தடுக்கும் முயற்சியிலோ உயிர்நீத்த வீரர்களை 'ஜுஞ்சார்', 'போமியா' என்ற பெயர்களில் தெய்வமாக்கி, குதிரை மீது அமர்ந்த கோலத்தில் கல்லில் செதுக்கி வழிபடுவது இங்கு பல நூற்றாண்டுப் பழக்கம். அகால மரணம் அடைந்தவர் அந்த இடத்தின் காவலராக மாறுகிறார் என்பதே இம்மரபின் மையக் கருத்து. குதிரை இருந்த இடத்தில் புல்லட் வந்திருக்கிறது. போர்க்களம் இருந்த இடத்தில் நெடுஞ்சாலை வந்திருக்கிறது.

லாரி ஓட்டுநர்கள் இங்கு நின்று வணங்கிச் செல்கின்றனர். நிற்க நேரமில்லாதவர்கள் ஹாரன் ஒலித்துக் கடக்கின்றனர். அருகிலுள்ள மரத்தில் நூல்களும் வளையல்களும் கட்டப்படுகின்றன. பூ, தேங்காய், ஊதுபத்தியுடன் மதுவும் காணிக்கையாகப் படைக்கப்படுகிறது. சாலை விபத்தில் மாண்டவரின் நினைவிடத்தில், பாதுகாப்பான பயணத்தை வேண்டி மது படைக்கப்படும் முரண்பாடு கவனத்துக்குரியது. மது அருந்தி வாகனம் ஓட்டுவதால் ஏற்படும் உயிரிழப்புகளைக் கருத்தில் கொண்டே, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இயங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. பின்னர் அதில் சில தளர்வுகள் வழங்கப்பட்டன.

எலிகள் உண்ட மிச்சமே பிரசாதம்

இதே 62-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், பிகானேருக்கு 30 கி.மீ. முன்னதாகத் தேஷ்நோக் என்ற சிற்றூர் வருகிறது. இங்குள்ள கர்ணி மாதா ஆலயத்தில் 20,000-க்கும் மேற்பட்ட எலிகள் இருப்பதாகக் கூறப்படுகிறது. 'காபா' என்று அழைக்கப்படும் இந்த எலிகளுக்குப் பெரிய தட்டுகளில் பாலும், இனிப்புகளும், தானியமும் வைக்கப்படுகின்றன. அவை தின்ற உணவின் மிச்சத்தைப் பிரசாதமாக ஏற்பது பக்தர்களின் வழக்கம். வெள்ளை எலி கண்ணில் பட்டால் நற்பேறு எனக் கருதப்படுகிறது.

சாரண் சமூகத்தில் பிறந்த கர்ணி மாதா, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த துறவியாகப் போற்றப்படுகிறார். நீரில் மூழ்கி இறந்த தம் மகன் லட்சுமணனைத் திருப்பித் தருமாறு அவர் எமனிடம் வேண்டியதாகவும், அதன் விளைவாக அவரது வழியினர் இறந்தபின் எலிகளாகப் பிறந்து, பிறகு மீண்டும் மனிதராகப் பிறப்பதாகவும் தலபுராணம் கூறுகிறது. ஆகவே, கோயிலில் சேவை செய்யும் குடும்பங்களுக்கு இந்த எலிகள் மூதாதையரும் வருங்கால வாரிசுகளும் ஆவர். தவறுதலாக ஓர் எலியை மிதித்துக் கொன்றுவிட்டால், வெள்ளியால் செய்த எலியைக் காணிக்கையாகச் செலுத்த வேண்டும் என்பது மரபு.

தற்போதுள்ள சலவைக்கல் முகப்பும் வெள்ளிக் கதவுகளும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிகானேர் மன்னர் கங்கா சிங் காலத்தில் அமைக்கப்பட்டவை. பருந்து உள்ளிட்ட பறவைகள் எலிகளைக் கவர்ந்து செல்லாதிருக்க, முற்றத்தின் மேல் கம்பி வலை விரிக்கப்பட்டுள்ளது. காலணிகளை வெளியே கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். கால்களைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடப்பது எலிகளுக்கும் பயணிகளுக்கும் பாதுகாப்பானது.

வன்னி மரத்துக்காக 363 உயிர்கள்

ஜோத்பூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ள கேஜட்லி கிராமத்தைப் பயணிகள் பலர் அறிவதில்லை. 1730-ஆம் ஆண்டு, ஜோத்பூர் மன்னர் அபய் சிங்கின் அரண்மனைப் பணிக்குத் தேவைப்பட்ட விறகுக்காக இங்குள்ள மரங்களை வெட்ட ஆட்கள் அனுப்பப்பட்டனர். மரங்களையும் விலங்குகளையும் காப்பதைச் சமய நெறியாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ரிதா தேவி, மரத்தைக் கட்டியணைத்துத் தடுத்து உயிரிழந்தார். அவரையும் சேர்த்து அடுத்தடுத்து மொத்தம் 363 பேர் உயிர்நீத்தனர். கிராமத்தில் அவர்களுக்கு நினைவிடம் உள்ளது. நாட்டின் தேசிய வனத் தியாகிகள் தினம் செப்டம்பர் 11 அன்று கடைப்பிடிக்கப்படுவதற்கு இந்த நிகழ்வே அடிப்படை.

அவர்கள் காத்த 'கேஜ்ரி' மரம், தமிழில் வன்னி எனப்படுகிறது. இதன் இலை ஆடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் தீவனம். 'சாங்ரி' எனப்படும் காய் பாலைவனச் சமையலின் முக்கியப் பொருள். ஆழமாக இறங்கும் வேர் வறட்சியைத் தாங்கி நிற்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் மனிதரையும் கால்நடையையும் காப்பாற்றிய மரம் என்பதால், அதற்காக உயிர் கொடுத்தது வெறும் உணர்ச்சிவயப்பட்ட செயல் அன்று. இன்று அது ராஜஸ்தானின் மாநில மரம்.

மங்கோலியாவிலிருந்து வரும் விருந்தினர்

பலோடி நகரை ஒட்டிய கீசன் கிராமத்தில் செப்டம்பர் முதல் மார்ச் வரை விடியற்காலையில் வானம் சாம்பல் நிறப் பறவைகளால் நிறைகிறது. மங்கோலியா, மத்திய ஆசியா உள்ளிட்ட பகுதிகளிலிருந்து வரும் டெமாய்செல் கொக்குகள் இவை. உள்ளூர் மொழியில் இவற்றுக்குக் 'குர்ஜா' என்று பெயர். பிரிந்து சென்ற கணவனுக்குத் தூது செல்லும் பறவையாக ராஜஸ்தானி நாட்டுப்புறப் பாடல்களில் இது இடம்பெறுகிறது.

உயிர்களுக்கு உணவளிப்பதை அறமாகக் கருதும் ஜைனக் குடும்பங்கள் முன்னின்று, ஊர் மக்களுடன் சேர்ந்து இப்பறவைகளுக்குத் தானியம் வழங்கும் வழக்கத்தைத் தொடங்கின. இதற்கென வேலியிட்ட தனித் திடல் ஒன்றும் உள்ளது. சிறிய எண்ணிக்கையில் வந்த கொக்குகள் காலப்போக்கில் பல்லாயிரமாகப் பெருகின. 2025 ஜூன் மாதம் கீசன் ஈரநிலம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரசு அறிவிப்புக்கு நெடுங்காலம் முன்பே ஒரு கிராமம் தானாக உருவாக்கிய சரணாலயம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

'பேய்க் கிராமம்' என்ற பெயருக்குப் பின்னால்

ஜெய்சால்மரிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ள குல்தரா, இணையத்தில் 'பேய்க் கிராமம்' என்றே விளம்பரப்படுத்தப்படுகிறது. கூரையிழந்த கல்வீடுகளும் நேரான தெருக்களும் மட்டுமே இங்கு எஞ்சியுள்ளன. பாலியிலிருந்து குடிபெயர்ந்த பாலிவால் பிராமணர்கள் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவாக்கிய இந்த ஊர், 19-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது.

ஜெய்சால்மரின் திவான் சலீம் சிங், ஊர்த் தலைவரின் மகளை மணக்க வற்புறுத்தியதாகவும், மானத்தைக் காக்கக் குல்தராவும் அதைச் சூழ்ந்த 83 கிராமங்களும் ஒரே இரவில் காலியானதாகவும், இனி இங்கு எவரும் வாழ முடியாது எனச் சாபமிட்டுச் சென்றதாகவும் கதை சொல்லப்படுகிறது. சலீம் சிங் கற்பனைப் பாத்திரம் அல்லர். வரிக் கொடுமைக்குப் பெயர்பெற்ற அவரது மாளிகை ஜெய்சால்மர் நகரில் இன்றும் உள்ளது. ஆனால், ஒரே இரவில் 84 கிராமங்கள் காலியாயின என்பதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. நீர்வளம் குன்றியது, வரிச்சுமை பெருகியது, வணிக வழிகள் மாறியது ஆகியவற்றால் மக்கள் படிப்படியாக வெளியேறியிருக்கக்கூடும் என்பது ஒரு விளக்கம். சுவர்களும் கூரைகளும் சரிந்துள்ள விதத்தை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, நிலநடுக்கமும் காரணமாக இருந்திருக்கலாம் எனத் தெரிவிக்கிறது.

பேய்க்கதையால் மறைக்கப்படுவது, பாலிவால்களின் உண்மையான சாதனை. மழை மிகக் குறைந்த நிலத்தில் அவர்கள் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தனர். அதற்குப் பயன்பட்ட உத்தி 'கடீன்' எனப்படுகிறது. பாறைச் சரிவுகளில் விழும் மழைநீர் ஓடிவரும் தாழ்வான பகுதியின் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்பப்படும். மழைக்காலத்தில் கரைக்குள் தேங்கும் நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மிகுதியான நீர் கலிங்கு வழியே வெளியேறும். நீர் வற்றியதும், ஈரம் நிறைந்த அந்த நிலத்தில் குளிர்காலப் பயிர் விதைக்கப்படும். மேற்கொண்டு பாசனம் தேவையில்லை. கரைக்குக் கீழே தோண்டப்படும் கிணற்றில் குடிநீரும் ஊறும். ஜெய்சால்மர் மாவட்டத்தில் சில கடீன்கள் இன்றளவும் சாகுபடியில் உள்ளன. குல்தராவுக்குச் செல்வோர் பேயைத் தேடுவதைவிட இக்கரைகளைத் தேடுவது பயனளிக்கும்.

காடு கல்லான இடம்

ஜெய்சால்மரிலிருந்து பார்மர் செல்லும் சாலையில் 17 கி.மீ. தொலைவில் ஆகல் கல்மரப் பூங்கா உள்ளது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், இன்று புல்லும் அரிதாக முளைக்கும் இந்த நிலம் ஈரக் காடாக இருந்தது. சாய்ந்து மண்ணில் புதைந்த மரங்களின் திசுக்களில் தாதுக்கள் படிந்து அவை கல்லாயின. இவற்றில் மிகப் பெரியது 13 மீட்டர் நீளம் கொண்டது. தமிழகத்தின் திருவக்கரை கல்மரப் பூங்காவைப் போலவே, ஆகலும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. நினைவாகச் சிறு துண்டைக்கூட எடுத்துச் செல்வது தடைசெய்யப்பட்டுள்ளது.

எல்லையில் வெடிக்காத குண்டுகள்

ஜெய்சால்மரிலிருந்து வடமேற்கே சுமார் 120 கி.மீ. சென்றால், பாகிஸ்தான் எல்லைக்கு அருகே தனோட் மாதா ஆலயம் அமைந்துள்ளது. 1965-ஆம் ஆண்டுப் போரில் இப்பகுதியில் சுமார் 3,000 குண்டுகள் வீசப்பட்டதாகவும், கோயில் வளாகத்தில் விழுந்த 450 குண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை என்றும் கூறப்படுகிறது. அவற்றுள் சில, கோயிலில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டுள்ளன. ஆலயத்தை நிர்வகிப்பது எல்லைப் பாதுகாப்புப் படை; பூசை செய்வதும் அப்படையினரே. வேண்டுதலாகக் கைக்குட்டை கட்டுவது இங்குள்ள தனி வழக்கம். வேண்டுதல் நிறைவேறியபின் திரும்பி வந்து அவிழ்க்க வேண்டும் என்பதால், வளாகம் முழுவதும் வண்ணத் துணிகள் தொங்குகின்றன.

இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள லோங்கேவாலா, 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு தொடங்கிய புகழ்பெற்ற சண்டை நடந்த களம். மேஜர் குல்தீப் சிங் சாந்த்பூரி தலைமையில் பஞ்சாப் படைப்பிரிவின் சுமார் 120 வீரர்கள், டாங்கிகளுடன் வந்த சுமார் 2,000 பேர் கொண்ட படையை விடியும் வரை தடுத்து நிறுத்தினர். விடிந்ததும் ஜெய்சால்மரிலிருந்து பறந்த 'ஹன்டர்' விமானங்கள், மென்மணலில் சிக்கித் திணறிய டாங்கிகளைத் தாக்கி அழித்தன. சாந்த்பூரிக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. கைப்பற்றப்பட்ட டாங்கிகளும் பதுங்கு குழிகளும் இன்று சாலையோர நினைவகத்தில் காட்சிக்கு உள்ளன.

இப்பகுதியின் ராணுவ முக்கியத்துவம் இன்றும் குறையவில்லை. பார்மர் பகுதியில் சட்டா–காந்தவ் இடையேயான தேசிய நெடுஞ்சாலை 925ஏ-இல் 3 கி.மீ. நீளச் சாலை, அவசர காலத்தில் விமானப் படை விமானங்கள் இறங்கும் ஓடுதளமாகவும் பயன்படும் வகையில் கட்டப்பட்டுள்ளது. தேசிய நெடுஞ்சாலையில் இந்திய விமானப் படைக்காக அமைக்கப்பட்ட முதல் அவசர ஓடுதளமான இது, 2021 செப்டம்பர் 9 அன்று திறந்து வைக்கப்பட்டது. மற்ற நாள்களில் லாரிகளும் டிராக்டர்களும் இதே சாலையில் செல்கின்றன.

கம்பிகளுக்கும் சிறகுகளுக்கும் இடையே

இச்சாலைகளில் அண்மைக் காலமாகக் காணப்படும் மற்றொரு காட்சி, தொடுவானம் வரை விரியும் சூரிய மின் தகடுகளும் காற்றாலைகளும். பலோடி பகுதியில் உள்ள பட்லா சூரிய மின் பூங்கா, 2,245 மெகாவாட் திறன் கொண்டது. சுமார் 14,000 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. நிலக்கரி பயன்பாட்டைக் குறைக்க நாட்டுக்கு இத்தகைய திட்டங்கள் தேவை. ஆனால், வெற்று நிலமாகத் தோன்றும் பாலைவனம் உண்மையில் வெற்று நிலம் அன்று என்பதே இங்கு எழும் சிக்கல்.

ராஜஸ்தானின் மாநிலப் பறவையான கானமயில், உலகிலேயே இப்போது ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சால்மர் பகுதியில் உள்ளன. கனத்த உடலும், முன்னோக்கிப் பார்க்கும் திறன் குறைந்த கண்களும் கொண்ட இப்பறவை, உயர் அழுத்த மின்கம்பிகளைக் கடைசி நேரத்தில் கண்டு விலக இயலாமல் மோதி இறக்கிறது. இதனால் கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்களை மத்திய அரசு சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து, 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றியமைத்து நிபுணர் குழுவை நியமித்தது.

மற்றொரு புறம், சூரிய மின் திட்டங்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிகானேர் உள்ளிட்ட இடங்களில் பிஷ்னோய் சமூகத்தினரும் பிறரும் போராடி வருகின்றனர். 'ஓரண்' எனப்படும் கோயில் காடுகள் பல, வருவாய்த் துறை ஆவணங்களில் தரிசாகப் பதிவாகியிருப்பதால் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை என்பதும் அவர்களது குறை. 1730-இல் கேஜட்லியில் எழுந்த கேள்வி வேறு வடிவில் மீண்டும் எழுந்துள்ளது.

பயணிகள் கவனத்துக்கு

அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலமே பயணத்துக்கு ஏற்றது. 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. கோடைப் பயணத்தைத் தவிர்க்க இதுவே போதுமான காரணம். கீசனில் கொக்குகளைக் காண விரும்புவோர் சூரிய உதயத்துக்கு முன் திடலை அடைவது நல்லது. ஓம் பன்னா தலத்தில் நிற்போர் வாகனத்தைச் சாலை விளிம்பில் விடாமல் ஒதுக்குப்புறமாக நிறுத்த வேண்டும்.

தனோட், லோங்கேவாலா சாலையில் பெட்ரோல் நிலையங்கள் குறைவு. செல்பேசி இணைப்பும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எரிபொருளையும் குடிநீரையும் ஜெய்சால்மரிலேயே நிரப்பிக்கொள்வதும், அடையாள அட்டையை உடன் வைத்திருப்பதும் அவசியம். எல்லை வேலியை ஒட்டிய பகுதிக்குச் செல்ல முன் அனுமதி பெற வேண்டும். பாலைவனச் சாலைகளில் இரவில் ஒட்டகங்களும் மாடுகளும் திடீரெனக் குறுக்கே வரக்கூடும் என்பதால், பொழுது சாய்வதற்குள் அன்றைய பயணத்தை முடித்துக்கொள்வதே பாதுகாப்பானது.